பீச் ரோட்டில் உன் குரல்

கோட்டக்குப்பம்,
வியாழன் இரவு.

அன்பு மகள் அஸ்ஃபியாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சி முஸ்கானும் அல்லாஹ்வின் கிருபையால் குறையில்லாமல் இருக்கிறோம், தோஹாவில் உன் அத்தாவும் அப்படித்தான் என்று சொல்கிறார். நீ அங்கே அயர்லாந்தில் எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்கு ஒரு வரி கேட்பார்கள் இல்லையா, நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். நடுவில் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி. போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு ஏன் பேப்பரும் பேனாவும் என்று சிரிப்பாய். போனில் கேட்டால் பதில் உன் குரலில் வரும், அந்தக் குரலை நான் இப்போது நம்புவதில்லை, அதனால்தான்.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, கழுவெளி ஏரி நிரம்பிப் பறவைகள் வந்துவிட்டனவாம், மரக்காணம் பக்கம் உப்பளங்களெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெறும் தண்ணீராகக் கிடக்கின்றன. முஸ்கானுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் உன் சின்ன வயசு போட்டோ மாதிரியே இருக்கிறாள். உன் மாடி ரூமை நீ சொன்னபடி டூர் வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன், சனி ஞாயிறு காலியாக இருப்பதே இல்லை. நமக்கெல்லாம் பாண்டிச்சேரி என்றால் துணி எடுக்க, கண்ணாடி மாற்ற, சண்டே மார்க்கெட்டில் பேரம் பேச. வருகிறவர்களுக்கு மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் பாண்டி. போன வாரம் வந்த ஒரு பெண் நம் பக்கத்து வீட்டுக் கதவு பழசாக இருக்கிறது என்று அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள், கதவுக்குச் சொந்தக்காரி வெளியே வந்து, இன்னாம்மா எங்கூட்டுக் கதவுக்குக் கல்யாணமா என்று கேட்டுவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்புவதற்கு முன்னால் திண்டிவனத்தில் அந்த டூர் கம்பெனிக்காகக் குரல் பதிவு செய்தாயே, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போனில் கேட்டுக்கொண்டே நடக்கிற மாதிரி. அதற்காக நீயும் நானும் பஸ் ஏறி ஒவ்வொரு இடமாகப் போனோம், இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்து இதையெல்லாம் டூரிஸ்ட் மாதிரி பார்த்ததே இல்லையேம்மா என்று நீ குதித்தாய். செஞ்சிக் கோட்டையில் பாதி ஏறிவிட்டு என் முட்டி போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அரிக்கமேட்டில் ரோமாபுரிக் கப்பல்காரர்களோடு வியாபாரம் நடந்தது என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, பாத்தியாம்மா அப்பவே நம்ம ஆளுங்க ஃபாரின் பிசினஸ்தான் என்றாய். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் படுத்துக் கிடந்தன, பட்டை, வளையம், கணு எல்லாம் அப்படியே மரம், தட்டினால் கல். நீ குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, அம்மா இது மரத்தோட மையத்து என்றாய், எனக்குச் சிலிர்த்தது, பிணம் கிணம் என்று பேசாதே, வாயைக் கழுவுடி என்று திட்டினேன். இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில், சித்தர் கோபத்தில் பாட லிங்கம் வெடித்துச் சிதறியது, தெறித்த துண்டு விழுந்த இடத்தில் புல்கூட முளைக்கவில்லை என்று ஊரில் சொல்கிற கதையை நீ பதிவு செய்தபோது, அந்த இடம் வந்ததும் உன் குரல் தானாக இறங்கிற்று. கம்பெனியில் வேலை பார்க்கிற தென்னரசு தம்பி, சூப்பர்மா இந்த பயம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னார். ஞாபகம் இருக்கிறதா?

நீ பேசியது அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் கீழே மீன் அலசிக்கொண்டிருக்கிறேன், மாடியிலிருந்து நீ பேசுகிறாய். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்க, படி வழுக்கும் பார்த்து, என்று. கை ஈரத்தோடு ஓடினேன். ரூமில் பெங்களூர்ப் பையன்கள் ரெண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் போன், அதற்குள்ளே நீ. ஏதோ மசூதிக்குள் போக என்ன முறை என்று கேட்டிருக்கிறார்கள், நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். இதை நீ பதிவு செய்யவே இல்லையே, கூடவே இருந்தேனே. தென்னரசுக்குப் போன் பண்ணினேன். இப்ப டெக்னாலஜி வந்துடுச்சு ஆன்ட்டி, அவங்க பேசினதைக் கேட்டு மெஷினே அவங்க மாதிரி பேசக் கத்துக்கிச்சு, யார் என்ன கேட்டாலும் அதுவே பதில் சொல்லும், என்றார். அவருக்கு அது சந்தோஷமான சேதி. எனக்கு அன்றைக்கு மீன் இறங்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முஸ்கான் நச்சரித்தாள் என்று பாண்டி பீச் ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். வண்டியெல்லாம் நிறுத்திவிட்டு ஜனங்கள் நடக்கிற நேரம், லைட் ஹவுஸ் பக்கம் நல்ல கூட்டம். ஒரு குடும்பம் எங்களைக் கடந்து போனது, அவர்கள் கையிலிருந்து நீ பேசினாய், இந்தக் கடற்கரையில் முன்பு மணல் இருந்தது, இப்போது நீங்கள் பார்ப்பது கருங்கல், என்று. சரி என்று நகர்ந்தேன். பின்னாலேயே இன்னொரு ஜோடி, அவர்கள் போனிலும் அதே வாக்கியம், கொஞ்சம் பிந்தி. அதற்கும் பின்னால் வேறு யாரோ, அங்கே நீ இப்போதுதான் வாக்கியத்தை ஆரம்பிக்கிறாய். அந்த நீளச் சாலை முழுக்க நீயே நீயே நடந்து வருகிற மாதிரி, ஒருத்தி முடிக்கும்போது அடுத்தவள் தொடங்குகிற மாதிரி. ஒருவர் முகத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை, அவர்களுக்கு அது வழி சொல்கிற குரல், அவ்வளவுதான். முஸ்கான் என் கையை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அக்கா எங்கம்மா, எந்த அக்காம்மா, என்று கேட்டாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து ஆட்டோ பிடித்துவிட்டேன். ஆட்டோக்காரர் ராஜ்குமார் நம்மை நன்றாகத் தெரிந்தவர் இல்லையா, ஏம்மா மூஞ்சி இப்படி வெளுத்துக்கினு கீது, பேயைப் பாத்தியா என்றார். பேயைப் பார்த்திருந்தால்கூட ஓதி ஊதியிருப்பேன்.

நான் பைத்தியமில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தேன், சொன்னால் சிரிப்பாய். மாடியில் தங்கியிருந்த சித்ரா என்கிற டீச்சர், விக்கிரவாண்டிக்காரங்க, நல்ல மனுஷி, அவங்க போனை வாங்கி உன்னிடம் கேட்டேன், சாப்பிட்டியாடி என்று. நீ உடனே, அருகில் பிரியாணிக்குப் பேர்போன நான்கு கடைகள் இருக்கின்றன, எது வேண்டும், என்று கேட்டாய். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாங்க, நானும் சிரித்தேன். அழுகை வருவதற்கு முன்னால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீ பதறாதே, பிள்ளை நன்றாக இருக்கிறாள், என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். போன சனிக்கிழமை மதியம் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது முஸ்கான் விளையாட அந்தப் போனைக் கொடுத்திருக்கிறாங்க, பாவம் அவங்க மேல் குற்றமில்லை. நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டர் சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பிள்ளையைக் காணோம், வெளிக்கதவு திறந்து கிடக்கிறது. தெருவில் கேட்டேன், போனைக் காதில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் போச்சு என்றார்கள். உனக்குத் தெரியும் நம் தெருக்கோடி எப்படி இருந்தது என்று, நீ போன பிறகு இன்னும் கொஞ்சம் கடல் தின்றுவிட்டது, ரோடு அப்படியே பாதியில் ஒடிந்து கீழே கருங்கல்லும் தண்ணீரும்தான். போன் மேப்பில் மட்டும் அந்தத் தெரு இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஓடினேன், தலை முட்டாக்கு எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. ஒடிந்த முனைக்கு ஒரு ஆள் நீளம் இந்தப் பக்கம் சின்னக்கண்ணு அண்ணன், வலை உலர்த்துவாரே அவர்தான், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கையில் போன். அதில் நீ சாந்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், நேராகப் போங்கள், இன்னும் கொஞ்சம் நேராகப் போங்கள், கடல் தெரியும், என்று.

பிள்ளை என்ன கேட்டாள் தெரியுமா? அக்கா நீ எங்க இருக்க என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீ, நான் உங்க கூடத்தான் இருக்கேன், வாங்க போகலாம், என்று சொல்லியிருக்கிறாய். வழிகாட்டுகிற மெஷின் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லுமாம். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? சின்னக்கண்ணு அண்ணன் சொன்னது என் காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பெரிய பொண்ணு ஊருக்கு வந்துக்கீதுன்னுதாம்மா நெனச்சேன், கல்லுக்கு அந்தாண்டயிருந்து வா வான்னு தங்கச்சிய கூப்டுக்கினு இருந்துச்சு, இன்னாடா இது அங்க போய் நிக்குதேன்னு எட்டிப் பாத்தா ஆளே இல்ல, அப்புறம்தான் கொழந்த கையில போனப் பாத்தேன், என்றார். அவர் கடலுக்குப் போகிற மனுஷன், எதற்கும் அசராதவர், அவர் கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். டீச்சர் அன்றைக்கே அழுதுகொண்டே ரூமைக் காலி செய்துவிட்டுப் போனாங்க, போகும்போது என் எதிரிலேயே அந்த ஆப்பை அழித்தாங்க. ஒரு போனில் அழித்தால் தீருமா?

திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராகத் திண்டிவனம் பஸ் ஏறினேன். அந்த ஊருக்குப் போனாலே எனக்குக் கல்லூரி ஞாபகம் வரும், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய வகுப்பு. அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. தென்னரசு நல்ல பிள்ளைதான், நடந்ததைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது, அந்தத் தெருவை மேப்பில் உடனே எடுக்கச் சொல்கிறேன் என்றார். தெரு இருக்கட்டும் தம்பி, என் பொண்ணு குரலை எடுங்க என்றேன். அது அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஆன்ட்டி, அவங்க வேணாம்னு ஒரு வார்த்தை மெயில் போட்டா நிறுத்திடுவோம், உங்க பேச்சை வெச்சு நிறுத்த முடியாது, என்றார். அதோடு எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இன்னொன்று சொன்னார். இதுல பயப்பட ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அஸ்ஃபியாவே இதைத்தானே யூஸ் பண்றாங்க, டைப் பண்ணா அவங்க குரல்லயே பேசிடும், வீட்டுக்கு மெசேஜ் அனுப்பன்னு எங்ககிட்ட கேட்டு வாங்கினாங்களே, உங்களுக்குத் தெரியாதா, என்று.

எனக்குத் தெரியாது அஸ்ஃபியா.

பஸ்ஸில் வரும்போது நீ அனுப்பியதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். அம்மா நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், இங்கே குளிர் பரவாயில்லை, முஸ்கானுக்கு முத்தம். தினமும் இதுதான், வார்த்தை கொஞ்சம் மாறும். எதிலும் ஒரு மூச்சு இல்லை. பின்னால் ஒரு பாத்திரச் சத்தம், ஒரு கதவு, ஒரு வண்டி, ஒன்றும் இல்லை. இருபத்தோரு வருஷம் உன் பேச்சைக் கேட்டவள், எப்படி இத்தனை நாள் ஏமாந்தேன் என்று தெரியவில்லை. கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். நீ நீயாகக் கடைசியாகப் பேசியது பக்ரீத்துக்கு அடுத்த நாள், இருமிக்கொண்டே பேசினாய், ரூம் மாறிவிட்டேன் என்றாய், யாரோடு தங்குகிறாய் என்று கேட்டதற்குப் பதில் வருவதற்குள் கட் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை, ஷிஃப்ட் இருக்கிறது என்று அந்தக் குரல் சொல்லும். வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் பேச நேரமில்லாமல் இப்படிச் செய்தாய் என்றால் அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக. நேரமில்லாதவள் டைப் பண்ணி அனுப்பியிருப்பாளே, எழுத்தாகவே படித்திருப்பேனே. குரல் எதற்கு? உன் சொந்தக் குரலைக் கேட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தாயா, என்னத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தாய்?

நாம் சபராளி வீடு. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிற குடும்பங்களில் யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பழக்கம் உண்டு, வெளியே இருக்கிறவர் காதுக்கு வீட்டுக் கெட்டது போகக் கூடாது, அவரும் தன் கெட்டதை வீட்டுக்குச் சொல்ல மாட்டார். உன் அத்தாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான், கடலோரம் நடந்ததை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு சேதியை இதுவரை சொன்னதில்லை. என் அத்தா யூசுப் அலி ஜித்தாவில் இருந்தபோது போன் வசதி கிடையாது, கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார், வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். நான் மூன்றாவது படிக்கும்போது அவர் மவுத்தான சேதி வந்தது, அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. நாங்கள் அழுது ஓய்ந்த பிறகு ஒருத்தர் விடுமுறையில் வந்தவர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாராம், கொடுக்காமல் இருக்க மனசு வரவில்லையாம். எங்க அம்மா போடச் சொன்னாங்க. நான் நல்லா இருக்கேன், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, ஜமீலாவுக்கு ஃபிராக் எடுத்து வெச்சிருக்கேன், நீ கவலப்படாத, என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். எங்க அம்மா ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் சொன்னாங்க. ம்ம், சரிங்க, ஆகட்டுங்க, என்று. டேப் ஓடி முடிந்து வெறும் இரைச்சல் வந்தபோதும் ம்ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாங்க. அதைப் பேசியபோதே அவர் மாசக்கணக்கில் படுக்கையில் இருந்தார் என்று அறையில் கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆள் நன்றாக இல்லாதபோதும் குரல் நன்றாக இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் விஷயத்தில் பார்க்கவில்லையே என்றுதான் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அதனால் உன்னிடம் ரெண்டு கேட்கிறேன். தென்னரசுக்கு மெயில் போட்டு அந்தக் குரலை நிறுத்தச் சொல், இன்னொரு வீட்டுப் பிள்ளை யாராவது அதன் பின்னால் நடப்பதற்குள். இன்னொன்று, உனக்கு அங்கே என்ன ஆயிற்று என்று சொல். ஒடம்பா, படிப்பா, வேலை செய்கிற இடத்தில் யாராவதா, தனியாக இருந்து பயமா, எதுவாக இருந்தாலும் சரி. திட்ட மாட்டேன். ஊருக்குத் திரும்பி வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே, நாலு பேருக்கு நான் பதில் சொல்கிறேன். பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போய் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான் நான், ஆனால் ஜெயித்த மாதிரி பேசுகிற மெஷின் எனக்கு எதற்கு?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, உன் வாய்ஸ் மெசேஜ். நான் தொடவில்லை. முஸ்கான் தூக்கத்தில் எழுந்து அவளே அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு, இது டூர் அக்காம்மா, நம்ம அக்கா எப்பப் பேசும், என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று நீயே யோசித்துக்கொள்.

அல்லாஹ் உன்னைக் கண் இமை மாதிரி காக்க வேண்டும், உன் ஒடம்புக்கு ஆரோக்கியத்தையும் மனசுக்குத் தைரியத்தையும் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ செய்கிறேன். வெந்நீர் குடி, தலை ஈரத்தோடு வெளியே போகாதே, இருமல் இன்னும் இருந்தால் டாக்டரைப் பார். ஒன்றே ஒன்று மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்தது என்று வாய்ஸ் அனுப்பாதே. நீயே கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு, பேச வராவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டிரு, அழுதால் அழு, நான் வைக்க மாட்டேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு உன் வாயால் சொல்லுடி.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா,
ஜமீலா.